ஏலிக்குட்டியின் குரல்

மட்டாஞ்சேரியில் அம்மிணியைத் தெரிந்தவர்கள் அவளை வெலிங்டன் தீவுக்குப் போட்டில் போய்வரும் டைப்பிஸ்ட் என்றுதான் சொல்வார்கள். கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, அதிகம் பேசமாட்டாள், குடையை எங்கும் மறந்து வைத்துவிட்டு வரமாட்டாள். ஊருக்கு அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவே. எறணாகுளத்துக் கல்லூரியின் சங்ககானக் குழுவை, அந்தக் கூட்டுப்பாட்டுக் கோஷ்டியைப் பற்றிப் பழைய மாணவர்கள் யாராவது பேச்செடுத்தால், "அது ஏலிக்குட்டி காலம்" என்று பெருமூச்சு விடுவார்கள். அந்த ஏலிக்குட்டி காலத்துக் குரல் முழுவதும் இந்த டைப்பிஸ்டின் தொண்டையிலிருந்து வந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் அந்தக் குழுவைத் தொடங்கியவர் சரித்திரம் கற்பித்த திரேசியா டீச்சர். ஃபோர்ட் கொச்சிக்காரர். மாதாகோயில் பாட்டுக் குழுவில், கொயரில், பாடி வளர்ந்தவர். அங்கே பாடுகிறவர்கள் நட்ட கழி மாதிரி அசையாமல் நிற்கவேண்டும். ஓணத்துக்கு விளக்கைச் சுற்றிக் கைகொட்டி ஆடுகிற பெண்களையும் அவர் சிறு வயதிலிருந்தே பார்த்திருந்தார். அவர்கள் ஆடும்போது பாட்டு மூச்சில் சிதறிப்போகும். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது. மாணவர்களும் மாணவிகளுமாக ஒரு கூட்டம் மேடையில் நிற்கவேண்டும். பாடிக்கொண்டே அடி வைக்கவேண்டும், திரும்பவேண்டும், துடுப்புப் போடுவதுபோலவும் கதிர் அறுப்பதுபோலவும் கையை வீசவேண்டும். மற்ற ஆசிரியர்கள் இதற்குக் 'குதிக்கும் கொயர்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். டீச்சர் அசரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பயிற்சி நடத்தினார்.

ஒரு வருஷத்துக்குள்ளேயே தொல்லை தெரிந்துவிட்டது. கூட்டமாகப் பாடும் இடங்களில் குறை தெரியாது. ஒருவர் குரலில் மற்றவர் ஒளிந்துகொள்வார். தனியாக ஒருத்தி பாட்டை எடுத்துக்கொண்டு போகிற இடத்தில்தான் சங்கடம். ஆடினால் மூச்சு வாங்கியது, பாடினால் கால் நின்றது. நெடுநெடுவென்று வளர்ந்த, சிரித்தால் கடைசி வரிசைவரைக்கும் தெரிகிற ஏலிக்குட்டி என்ற பெண் ஆட்டத்தில் கெட்டிக்காரி. அவள் அடி வைத்தால் மேடை முழுவதும் அவளோடு நகரும். ஆனால் வாயைத் திறந்தால் கேட்கிறவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில்தான் அம்மிணி கல்லூரியில் சேர்ந்தாள். அவள் அப்பா விஸ்வேஸ்வரய்யர் கொச்சங்காடியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு பாண்டியாலையில், சரக்குக் கிடங்கில், குமாஸ்தா. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து அவருடைய தகப்பனார் காலத்தில் வந்த குடும்பம். அம்மா இல்லை. அக்கா மீனாக்ஷி கல்யாணமான மறு வருஷமே தாலியை இழந்து வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அவள் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் பாடுவதில்லை. பாடக்கூடாது என்று அய்யர் சட்டம் போடவில்லை. நவராத்திரிக்குக்கூட யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். அப்போது அம்மிணிக்கு வயது பதின்மூன்று. அதற்குப் பிறகு அவளுடைய குரல் அந்த வீட்டில் உரக்க எழுந்ததே கிடையாது. பேசுவதைக்கூட அக்காவுக்குக் கேட்டால் போதும் என்கிற அளவில் பேசப் பழகிவிட்டாள்.

கல்லூரியில் அவளை வாய் திறக்க வைத்தது திரேசியா டீச்சர்தான். பயிற்சியை வேடிக்கை பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றவளை, "நீயும் ஒரு வரி பாடு" என்று இழுத்தார். அவள் பாடினாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஏலிக்குட்டி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்றே ஈஸ்வரா, இதெவிடே ஒளிச்சு வெச்சிருந்தாய்?" என்று கேட்டாள். எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று அம்மிணிக்கே தெரியாது.

வீட்டில் கேட்டாள். அய்யர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாட்டுக் கோஷ்டியா? ஆட்டமும் உண்டோ?"

"மத்தவா ஆடுவா அப்பா. நான் திரைக்குப் பின்னாடி நின்னு சுருதிப்பெட்டி போடுவேன்."

"திரைக்குப் பின்னாடின்னா சரி. நாலு பேர் முன்னாடி மேடையில நிக்கப்படாது. இந்த ஆத்துல ஏற்கெனவே ஒருத்தியை ஊர் பாத்துண்டிருக்கு. அது போறும்."

பாடுவேன் என்று அவள் சொல்லவில்லை. இந்தக் கதையில் வருகிற துன்பத்துக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. அப்பாவிடம் அவள் பொய் சொல்லவில்லை. உண்மையில் பாதியைச் சொல்லாமல் விட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

டீச்சரிடம் போய் அவள் நிபந்தனையைச் சொன்னாள். மேடைக்கு வரமாட்டாள், அவள் பாடுகிறாள் என்பது குழுவைத் தாண்டி யாருக்கும் தெரியக்கூடாது. டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார், ஏலிக்குட்டியைப் பார்த்தார், சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அம்மிணி பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு மைக்கோடு அசையாமல் நிற்பாள், தனிப்பாட்டை அவள் பாடுவாள். மேடையின் நடுவில் ஏலிக்குட்டி வாயசைத்து ஆடுவாள். கூட்டத்துக்கு வேறு மைக். சினிமாவில் நடக்காததா என்று டீச்சர் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்றையிலிருந்து குழுவில் சேருகிற ஒவ்வொருவரும் இந்த ரகசியத்தைக் காக்கிறேன் என்று டீச்சர் கையில் அடித்துச் சத்தியம் செய்யவேண்டும் என்று ஆயிற்று. பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டுப்போல எடுத்துக்கொண்டு நன்றாகவே காத்தார்கள்.

திரைக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு முறை உண்டாயிற்று. கண்ணை மூடிக்கொள்வாள். திரையின் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். மேடைப் பலகையில் ஏலிக்குட்டியின் காலடி விழுகிற சத்தத்தை வைத்து எங்கே மூச்செடுக்கவேண்டும், எங்கே இழுக்கவேண்டும் என்று தெரிந்துகொள்வாள். இருவரும் அவ்வளவு பொருந்திப்போனார்கள். ஏலிக்குட்டி தலையைச் சாய்த்தால் அம்மிணியின் குரல் சாயும் என்று குழுவில் கேலி பேசுவார்கள். ஆலப்புழை, திருச்சூர், கோட்டயம் என்று குழு போன ஊர்களிலெல்லாம் கைத்தட்டல். வெளியூர் என்றால் டீச்சரே வீட்டுக்கு வந்து அய்யரிடம் பொறுப்பேற்றுக்கொண்டு அழைத்துப் போவார். கூட்டம் 'ஏலிக்குட்டி, ஏலிக்குட்டி' என்று கத்தும்போது அம்மிணி சுருதிப்பெட்டியை மூடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்றால், முதலில் இல்லை. பாடக் கிடைத்ததே என்றிருந்தது.

வருத்தம் கொச்சங்காடியில் ஆரம்பித்தது. அங்கே ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குக் குழுவை அழைத்திருந்தார்கள். ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைப் பாண்டியாலைப் பக்கமாகத் திருப்பிக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். விஸ்வேஸ்வரய்யர் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் வந்தது. அக்கரைக்குப் போன தோணி திரும்பி வராததைப் பற்றி டீச்சரே கட்டிய பாட்டு. அய்யர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, மேல்துண்டுகூட எடுத்துக்கொள்ளாமல், விழா நடந்த இடத்துக்குப் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். நடுவில் ஒரு நெட்டைப் பெண் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தார்.

பெற்ற தகப்பனுக்கு மகளின் குரல் தெரியாதா என்று கேட்கலாம். அவர் கடைசியாக அவள் பாடிக் கேட்டது அவள் பாவாடை கட்டிய வயதில். இது வளர்ந்த குரல், மலையாளப் பாட்டு, தகரக் குழாய் வழியாக வருகிறது. எதிரில் ஒருத்தி வாயசைத்துப் பாடிக்கொண்டும் இருக்கிறாள். யாராக இருந்தாலும் கண்ணைத்தான் நம்புவார்கள்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து செய்ததை மீனாக்ஷி பல வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் அலம்பினார். சாப்பிட உட்காரவில்லை. கூடத்தில் நின்றுகொண்டு, அந்தத் தோணிப் பாட்டின் மெட்டை, ஸ்வரம் கொஞ்சமும் சேராமல், முனகிப் பார்த்தார். அந்த வீட்டில் அத்தனை வருஷத்துக்குப் பிறகு எழுந்த பாட்டு அது.

"அம்மிணி, அந்த ஏலிக்குட்டின்னு ஒருத்தி இருக்காளே, அவ குரல் மனுஷக் குரல் இல்லையாக்கும். நம்ம மீனாக்ஷி வந்தன்னிக்கு நான் அழலை. இன்னிக்கு அழுதுட்டேன், கேட்டியோ" என்றார். பிறகு, குழந்தை மனம் கோணக்கூடாது என்று நினைத்தவர்போல, "நீ போட்ட சுருதியும் நன்னாத்தான் இருந்தது" என்று சேர்த்தார்.

அம்மிணி சமையலறைக்குள் போய்விட்டாள். மீனாக்ஷி அவள் முகத்தைப் பார்த்தாள். அக்காவுக்குத் தெரியும். தங்கை துணி உலர்த்தும்போது மூச்சுக்குள் முனகுவதைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"போய்ச் சொல்லேண்டி."

"எப்படி அக்கா? இத்தனை நாளா ஏமாத்தினேன்னு ஆயிடாதோ?"

"அப்போ சொல்லவே மாட்டியா?"

அம்மிணி அடுப்பை ஊதினாள். அப்பா அழுதது தன் பாட்டைக் கேட்டு. அவர் புகழ்வது இன்னொருத்தியை. அது நான்தான் என்று அவருக்குத் தெரியவேண்டும். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு விரும்பினதில்லை. படிப்பு, கல்யாணம், வேலை எல்லாம் அதற்கப்புறம்தான்.

விஸ்வேஸ்வரய்யர் அதோடு நிற்கவில்லை. குழு எறணாகுளத்தில் எங்கே பாடினாலும் போட் ஏறிப் போய்விடுவார். முன்வரிசையில், சலவை வேஷ்டியோடு, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாண்டியாலையில் சுக்கு உலர்த்துகிறவர்களிடமெல்லாம் ஏலிக்குட்டியைப் பற்றிப் பேசுவார். ஒருநாள் இன்னும் ஒரு படி மேலே போய், "அந்தக் குட்டியை ஆத்துக்கு அழைச்சுண்டு வா. ஒரு வாய் காப்பி கொடுத்து அனுப்பணும்" என்றார். அந்தத் தெருவில் ஒரு நஸ்ராணிக் கிறிஸ்தவப் பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அக்கம்பக்கத்தார் வாய்க்கு அவல். அய்யர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏலிக்குட்டி வந்தாள். கூடத்தில் மணையில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். மீனாக்ஷி காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்த அய்யர், கையைக் கூப்பாத குறையாக, "குழந்தே, எனக்காக ரெண்டு வரி பாடுவியோ? மைக் இல்லாம ஒரு தரம் கேக்கணும்" என்றார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அம்மிணி நின்றிருந்தாள். ஏலிக்குட்டியின் கண் ஒரு தரம் அந்தக் கதவுப் பக்கம் போய்வந்தது. கதவு அசையவில்லை.

"தொண்டைக்கு சுகமில்லா, ஸ்வாமீ. அடைஞ்சிருக்கு."

அய்யர் பதறிப்போனார். உள்ளே ஓடி, பாண்டியாலையிலிருந்து வீட்டுக்கென்று கொண்டுவந்து வைத்திருந்த முதல் தர மிளகில் ஒரு பொட்டலமும் பனங்கற்கண்டும் கட்டிக் கொண்டுவந்தார். "பாலில போட்டுக் காய்ச்சிக் குடிக்கணும். பச்சைத் தண்ணி தொடப்படாது. இந்தத் தொண்டை உன்னோடது மட்டும் இல்லையாக்கும்" என்றார்.

அம்மிணி போட் ஜெட்டிவரைக்கும் வழியனுப்பப் போனாள். போட் வருகிற நேரத்தில் ஏலிக்குட்டி பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"இது நினக்குள்ளது. ஞான் திருட்டுக் கள்ளியாணோ? உன்னோட அச்சன் என்னைத் தொழுதுகொண்டு நிக்குந்நு. இனி ஞான் வாய் அசைக்கில்லா அம்மிணீ. சத்தியம். நீ வெளியே வந்து பாடு."

"எனக்கு ஆட வராது ஏலிக்குட்டி."

"பாட வருமல்லோ. அது போதும்."

நல்ல மனசுக்காரி அவள். வேறொருத்தியாக இருந்தால் வந்த பெருமையை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் ஓட்டியிருப்பாள். ஆனால் சில நல்ல மனசுகளால் நேருகிற கெடுதலைப் பொல்லாத மனசுகளாலும் செய்ய முடியாது.

அந்த வருஷம் சர்வகலாசாலை விழா எறணாகுளத்தில் நடந்தது. பெரிய ஹால். வெளிமாவட்டக் கல்லூரிகளும் வந்திருந்தன. ஏலிக்குட்டி சொன்னபடியே செய்தாள். காய்ச்சல் என்று ஹாஸ்டலில் படுத்துக்கொண்டாள். டீச்சருக்கு உள்விஷயம் தெரியும், தெரிந்தும் அம்மிணியிடம், "மோளே, எப்போழாவது ஒரு நாள் வெளிச்சத்தில் நிக்க வேண்டே?" என்றார். விழாவுக்கு முந்தைய நாட்களில் அம்மிணியை நடுவில் நிறுத்திப் பழக்கினார்கள். பாடினால் கால் மரத்தது. கால் வைத்தால் பாட்டு மறந்தது. அசையாமல் நின்று, கண்ணை மூடி, கயிற்றைப் பிடித்துப் பாடியே பழகிய உடம்பு அது. இன்னொருத்தியின் காலடிச் சத்தம் இல்லாமல் எங்கே மூச்செடுப்பது என்றுகூட அதற்குத் தெரியவில்லை. டீச்சர், "மேடையில் எல்லாம் சரியாகும்" என்றார். மேடையில் எதுவும் தானாகச் சரியாவதில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அவரும் ஆசைப்பட்டார்.

அம்மிணி அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. பார்க்கட்டும், பார்த்துக் கேட்கட்டும், அதே குரல் மகளின் வாயிலிருந்து வருவதைக் கேட்ட பிறகு மேடை ஏறியதையெல்லாம் அவர் மறந்துவிடுவார் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

திரை விலகியது. விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. முன்வரிசையில் அப்பா தெரிந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, அவளைத் தாண்டி, பக்கத் திரைப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். ஏலிக்குட்டி எங்கே என்று தேடுகிறார் என்பது அவளுக்கு உடனே புரிந்தது. அப்புறம் அவர் பார்வை திரும்பி வந்து அவள்மேல் விழுந்தது. முகம் வெளுத்தது.

அவள் தோணிப் பாட்டை எடுத்தாள். முதல் வரி எப்படியோ வந்தது. அடி வைத்தாள், மூச்சு அறுந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் குரல் உடைந்து, கீச்சென்று ஒரு சத்தம் மைக்கில் போய் ஹால் முழுவதும் கேட்டது. அவளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். ஹாலின் பின்பக்கத்திலிருந்து ஒருவன், "ஏலிக்குட்டி எவிடே?" என்று கத்தினான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் ஹாலே அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டித் தாளம் போட்டது. அவளுடைய குரலைக் கொண்டுவா என்று அவளையே பார்த்து அத்தனை பேர் கத்துகிறார்கள். அம்மிணி பாட்டைக் கடைசிவரைக்கும் பாடினாள். நடுவில் ஓடிப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது போட்டில் அப்பாவும் மகளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். மேடை ஏறியதற்கு, அவரைக் கேட்காமல் ஏறியதற்கு, எதற்காவது. அய்யர் தன் மேல்துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினார்.

"உம்மேல ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு ஜுரம்னா உன்னைப் பிடிச்சு நிறுத்தறதா? அந்த டீச்சருக்கு அறிவு வேண்டாமோ? மேடையில நின்னயேன்னு எனக்குக் கோவம் இல்லை. நீ அங்க நின்னு தவிச்சதைப் பாக்கத்தான் முடியலை. அந்தக் குரலுக்கு முன்னாடி யாரை நிறுத்தினாலும் இதுதான் கதி. நீ என்ன பண்ணுவே, பாவம்."

மூன்று வருஷம் அவள் எதற்குப் பயந்தாளோ அதை அவர் ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டார். மேடை அவருக்குப் பெரிதாகவே இல்லை. முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றே ஆடியும் பாடியும் பழகியிருக்கலாம். இப்போது, அந்தக் குரல் என்னுடையது அப்பா என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அத்தனை பேர் முன்னால் அது அவளுடையது இல்லை என்று அவளே காட்டியாகிவிட்டது. போட் வெலிங்டன் தீவைச் சுற்றிக்கொண்டு மட்டாஞ்சேரி சேரும்வரை அவள் துண்டின் ஓரத்தை வாயில் வைத்து அழுதாள். அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஏலிக்குட்டி திரும்பி வந்தாள். அம்மிணிதான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வரவழைத்தாள். பழையபடி திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடினாள். அன்றைக்குப் பாடியதுபோல அவள் என்றுமே பாடியதில்லை என்று டீச்சர் சொல்வார். விஸ்வேஸ்வரய்யர் வீட்டுக்கு வந்து, "பாத்தியா, இதுதான் குரல்" என்று மீனாக்ஷியிடம் சொன்னார். மீனாக்ஷி வாயைத் திறந்தாள். அம்மிணி அவள் கையை இறுகப் பிடித்தாள். அக்கா மூடிக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டில் இருவரும் படிப்பை முடித்துவிட்டு வெளியேறினார்கள். ஏலிக்குட்டிக்குச் சங்கனாச்சேரிப் பக்கத்தில் கல்யாணமாகி, புருஷனோடு பம்பாய் போனாள். குழுவுக்குப் புதிய பெண்கள் வந்தார்கள், ஆடினார்கள், பாடினார்கள். கூட்டம் ஏலிக்குட்டியைக் கேட்டது. சினிமா மெட்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் தாங்கியது. திரேசியா டீச்சரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அறுபத்திரண்டில் குழுவின் உடைகளை ஒரு பெட்டியில் போட்டு நூலகத்துக்குப் பின்னாலிருந்த அறையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டின அன்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அம்மிணிக்கு இரண்டு இடங்களில் வரன் பார்த்தார்கள். இரண்டாவது, பாலக்காட்டிலிருந்து. எல்லாம் பேசி முடிகிற நிலையில், பெண் மேடையில் ஆடினவளாமே என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் வாழ்க்கையில் ஒரே ஒருநாள் வெளிச்சத்தில் நின்றாள். அந்த ஒருநாளை மட்டும் ஊர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஜாதகம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெலிங்டன் தீவில் வேலை கிடைத்தது. போனாள், வந்தாள்.

மிளகுத் தூளும் சுக்குத் தூளும் முப்பது வருஷம் மூச்சில் ஏறினால் நெஞ்சு என்னவாகும்? விஸ்வேஸ்வரய்யர் இழுப்பில் விழுந்தார். அதற்கு முன்பே இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுபத்தாறாம் வருஷம், மழை விடாமல் பெய்த ஒரு ஆடி மாதம், அவரால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். இருட்டில் தேடுகிறவர்போலக் கையால் பாயைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீனாக்ஷி தங்கையைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாடுடி."

"இந்த ஆத்துலயா?"

"இனிமே எப்போ? அவருக்குக் கண்ணு தெரியலை. யார் வாயசைக்கறான்னு பாக்க முடியாது. உன் குரல் மட்டும்தான். அதுவே சொல்லட்டும். இல்லேன்னா ஒண்ணும் தெரியாமலே போயிடுவார்டி."

அம்மிணி வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எட்டு வருஷமாகப் பாடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பிடிக்கக் கயிறு இல்லை, பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தோணிப் பாட்டைத்தான் எடுத்தாள். முதலில் கரகரத்தது. அப்புறம் வழி தெரிந்துகொண்டு வந்துவிட்டது. அதே குரல், கொஞ்சம் கனத்து. மழைச் சத்தத்துக்கு மேலே அது அந்தச் சின்ன வீட்டில் நிறைந்து நின்றது. மீனாக்ஷி வாசற்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பாயைத் துழாவிய கை நின்றது. இழுப்பு கொஞ்சம் தணிந்தது. அய்யரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பாட்டு முடியும்வரை காத்திருந்தார். பிறகு கையை நீட்டினார். அம்மிணி தன் கையைக் கொடுத்தாள். சொல்லுங்கோ அப்பா, சொல்லுங்கோ என்று அவள் உள்ளே கதறிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா குழந்தே?" என்றார் அவர். "இந்த மழையில எப்படி வந்தே? பம்பாயிலேருந்தா? ஏலிக்குட்டீ, எனக்குத் தெரியும், நீ ஒரு நாள் மைக் இல்லாம வந்து பாடுவேன்னு."

அம்மிணி அக்காவைப் பார்த்தாள். மீனாக்ஷி, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினாள். அம்மிணி வாயைத் திறந்தாள். அப்பாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் இதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"அதே, ஸ்வாமீ. ஞான்தன்னே" என்றாள்.

"ஒரு காரியம் பண்ணுவியா?" என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் பொண்ணு அம்மிணி, அடுக்களையில இருக்காளாக்கும். அவளுக்குப் பாட்டுன்னா உசிரு, கேட்டியோ. குரல்தான் இல்லை. ஒருநாள் உனக்குப் பதிலா நின்னு ரொம்ப அவமானப்பட்டுட்டா. அப்புறம் வாயையே திறக்கலை. நீ இருக்கற நாள்ல அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு."

"சரி ஸ்வாமீ, ஞான் சொல்லிக்கொடுக்காம்."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். இன்னொரு தரம் பாடச் சொன்னார். அவள் பாடினாள்.